டெலிரியம் என்றால் என்ன? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அது வந்தவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அர்த்தமா?

சொல் ஆராய்ச்சிக்காக மட்டும் கேட்பவர் மூன்றாவது கேள்வியைச் சேர்த்திருக்க மாட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார், டாக்டர் இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, புத்தி பேதலிக்கவில்லை. டெலிரியம் என்பது திடீரென வரும் மனக்குழப்பம். உடம்பில் வேறெங்கோ ஒரு கோளாறு, அதை மூளை காட்டிக்கொடுக்கிறது. அது என்ன கோளாறு என்று இன்றைக்கே கேளுங்கள்.

இனி சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'டே' என்றால் விலகி, 'லீரா' என்றால் உழவு சால். ஏர் அந்தச் சால் தடத்தை விட்டு விலகிப் போவதுதான் 'டேலீராரே'. அதிலிருந்து பிறந்தது டெலிரியம். லீரா என்பது சால் இல்லை, இரண்டு சாலுக்கு நடுவிலுள்ள மேடு என்றும் சொல்வார்கள். லத்தீன் படித்தவர்கள் அதற்காக என்னோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், எப்படிப் பார்த்தாலும் தடம் மாறியது என்பதே பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். ஆங்கிலத்துக்கு அது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. குடியை திடீரென நிறுத்தியவருக்குக் கை கால் நடுக்கத்தோடு வருவதற்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்று 1813இல் தாமஸ் சட்டன் பெயர் வைத்தார். குடிப்பழக்கம் இருப்பவர் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், மானத்தைவிட உயிர் பெரிது.

நம் ஊரில் 'சன்னி கண்டிருச்சு' என்பார்களே, பழைய பேச்சில் பெரும்பாலும் இதைத்தான் சொன்னார்கள். வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவது சன்னிபாதம். ஆனால் இப்போது வலிப்பையும் ஜன்னி என்கிறோம். அதனால் டாக்டரிடம் 'ஜன்னி' என்று மட்டும் சொல்லாமல், என்ன பேசினார், எப்போது ஆரம்பித்தது என்று விவரமாகச் சொல்வது நல்லது.

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சி - துறையூர் ரூட்டில் பல வருஷம் ஓடியிருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. மறுநாள் பகலெல்லாம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு போர்வையின் ஓரத்தை இடதுகை விரல்களுக்கிடையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் கிழிக்கிற மாதிரி இழுத்து இழுத்து என்னிடம் நீட்டினார். "புலிவலம் ஒண்ணா ரெண்டா? சில்லறையா குடும்மா" என்றார். "அப்பா, நான்தாம்ப்பா" என்றேன். "படில நிக்காத, உள்ள ஏறு" என்று அதட்டினார். பெற்ற மகளை அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். டூட்டியில் இருந்தவர்கள் பேண்டேஜ் துணியால் இரண்டு கையையும் கட்டில் கம்பியில் கட்டினார்கள். கட்டியதும் வெறி இன்னும் அதிகமானது. கட்டிப்போடுவது குழப்பத்தைக் கூட்டும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். ராத்திரி டூட்டிக்கு ஆள் பற்றாக்குறை என்பதும் எனக்குத் தெரியும், நர்ஸ்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

போர்வையைப் பிடுங்குவது புதிதல்ல. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய நூலிலேயே, காய்ச்சல் கண்டவர் கை போர்வையின் இழையைப் பிடுங்குவதும் சுவரிலிருந்து வைக்கோலைப் பறிப்பதும் கெட்ட அறிகுறி என்று எழுதியிருக்கிறது.

காலையில் வந்த பொது மருத்துவர் பெண்மணி முதலில் கட்டை அவிழ்க்கச் சொன்னார். பிறகு அப்பாவிடம், "ஐயா, கிழமையெல்லாம் பின்னாலேர்ந்து சொல்லுங்க" என்றார். "ஞாயிறு, சனி..." என்றவர் "திங்கள், செவ்வாய்" என்று நேராக ஓட ஆரம்பித்தார். திரும்பக் கேட்டாலும் அதே இடத்தில் நழுவினார். மறதி வேறு, கவனம் நிற்காமல் போவது வேறு, இதில் உடைவது கவனம் என்று விளக்கினார். திடீரென வரும், ஒரே நாளில் ஏறி இறங்கும், கவனம் நிற்காது, இவற்றோடு பேச்சு கோர்வை தப்பும் அல்லது விழிப்பு நிலை மாறும். 1990இல் ஷாரன் இனோய் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு வகுத்த சோதனை இந்த நாலைத்தான் பார்க்கிறது. டிமென்ஷியா என்கிற மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஊர்ந்து வரும். இது சில மணி நேரத்தில் வந்துவிடும்.

ரத்தப் பரிசோதனையில் சோடியம், அதாவது உப்புச்சத்து, 121 என்று வந்தது. 135க்குக் கீழே போகக்கூடாது. அவர் சாப்பிட்டுவந்த பிபி மாத்திரை சிறுநீரை அதிகம் போகவைக்கும் ரகம், அது சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த மாத்திரையை நிறுத்தி, சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கே ஆபத்து. படிப்படியாகத் தெளிந்தார், சாயங்காலம் மட்டும் சில நாள் தடுமாறினார். எல்லாருக்கும் இப்படி முழுதாகச் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், ஏற்கெனவே டிமென்ஷியா இருந்தால் இன்னும் கஷ்டம். காரணமும் ஆளுக்கு ஆள் மாறும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, தூக்க மாத்திரை, சாதாரண சளி மாத்திரைகூடப் போதும்.

இதையும் எழுதாமல் விட மனமில்லை. அப்பா அந்த நிலையில் கிடக்கும்போது எங்கள் சித்தப்பா என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, "அண்ணனுக்குப் புத்தி போயிருச்சும்மா, பத்திரத்துல இப்பவே கைநாட்டு வாங்கிருவோம்" என்றார். பையில் மை டப்பா தயாராக இருந்தது. சுயநினைவு சரியில்லாதவரிடம் வாங்கும் கையெழுத்து சட்டப்படி செல்லாது என்பதைக்கூட விடுங்கள், கூடப்பிறந்தவருக்கு எப்படி மனசு வந்தது? அப்பா தேறி வந்து வீட்டுக் கணக்கெல்லாம் தானே பார்க்கிறார். இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால், "இப்ப தெளிவா இருக்காரா?" என்று அவரை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்கிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு கொடுமை, ஆண்கள் வார்டில் ராத்திரி பெண் தங்கக்கூடாது என்ற விதி. நான் ஒரே பிள்ளை. என்னை வெளியே அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத வார்டு பாய் ஒருவரைத் துணைக்கு வைத்தார்கள். 1999இல் வந்த, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வில் 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகளைப் பார்த்தார்கள். நாள், கிழமை, இடத்தை நினைவூட்டுவது, தூங்கவிடுவது, எழுந்து நடமாடவைப்பது, கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது. வராமல் தடுக்க இவ்வளவுதான் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இதைச் செய்த இடத்தில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதையெல்லாம் பெற்ற பெண்ணைவிட யார் நன்றாகச் செய்வார்கள்?

சத்தம் போடாமல் சுருண்டு படுத்திருப்பவருக்கும் இது இருக்கலாம். 'அசதியில் தூங்குகிறார்' என்று விட்டுவிடுகிறார்கள், அதுதான் அதிகம் தவறிப்போகும் வகை. உங்கள் பெரியவர் நேற்றுப் போல இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அதையே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்று ராத்திரி துணைக்குப் போகிறவரிடம் அவருடைய கண்ணாடி, காது மெஷின், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொடுத்தனுப்புங்கள். டூட்டி டாக்டர் அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்வரை அவரை விடாதீர்கள்.