மனவலிமையும் கடுங்குளிரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொராக்கோ பாலைவனத்தில் பல நாள் நடக்கும் மாரத்தான் தே சாப்லே ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். காலணியை எந்த அளவில் வாங்குவது, எவ்வளவு உணவு சுமப்பது என்று சொல்ல முடியுமா? உடல் சாக்குச் சொல்லும், மனவலிமை உள்ளவன் பாதியில் விலக மாட்டான் என்பது என் நம்பிக்கை. என் மனைவிக்குத்தான் இது புரியவில்லை.

க.

அன்புள்ள க.,

வெயிலில் நெடுந்தூரம் ஓடினால் கால் வீங்கும். காலணி சற்றுப் பெரியதாகவே இருக்கட்டும், மணல் புகாதபடி அதன்மேல் துணியுறை போட்டுக்கொள்ளுங்கள். உணவின் அளவைப் போட்டி விதிகளே சொல்லும். நான் இதை எழுதுவது உங்கள் கடைசி வரிகளுக்காக. அந்த நம்பிக்கை எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்றுதான் சில காலமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டார்கள். 21 பேர் இறந்தார்கள். அரைக்கால் சட்டையும் மெல்லிய மேலாடையுமாக ஏறிக்கொண்டிருந்தவர்கள்மேல் மழையும் ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் ஒருசேர இறங்கின. காற்றுத் தடுப்புச் சட்டை கட்டாயப் பொருள்களில் இல்லை. ஓர் ஆட்டிடையர் தம் குகைக்குள் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். இறந்தவர்களில் ஒருவர் லியாங் ஜிங். சீனாவின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவர். அவருக்கு மனவலிமை போதவில்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

உடல் வேறு, அதை ஆளும் மனம் வேறு என்று நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது விரல்களோடு சேர்ந்து தடுமாறுவது நிதானிக்கும் அறிவும்தான். நடுக்கம் நின்றுபோவதை உடல் தேறிவிட்டதாகவே குளிரில் சிக்கியவர் எண்ணிக்கொள்வார். கடும் வெயிலிலும் இதுவே நடக்கும்: வெப்ப மயக்கம் முற்றும்போது முதலில் கலங்குவது புத்தி. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து இரத்தத்தில் சோடியம் குறைந்தால் மூளையே வீங்கும். இரண்டு இரவு தூங்காமல் ஓடுபவர்கள் இல்லாத மனிதர்களைப் பாதையில் காண்கிறார்கள். ஆபத்து வரும்போது துணைநிற்கும் என்று நீங்கள் நம்பியிருக்கும் அந்த மனம்தான், ஆபத்து வந்ததும் உங்களைவிட்டு முதலில் போகிறது.

ஒரு மலைப் போட்டியில் தன்னார்வலராக நின்றபோது, மழையில் நனைந்து வந்த ஒருவர் சட்டையின் ஜிப்பை இழுக்க முடியாமல் திணறுவதைப் பார்த்தேன். தாம் நன்றாக இருப்பதாகக் குழறிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். மருத்துவரான ஒரு பெண்மணி அவரைப் போட்டியிலிருந்து நிறுத்த அவருடைய எண் அட்டையைக் கழற்றி வாங்கியபோது, ஓட்டக்காரர் அந்தப் பெண்மணியைக் கடுமையாக ஏசினார். போர்வைக்குள் உடல் சூடேறிய பிறகு, தாம் ஏசியது அவருக்கு நினைவிலேயே இல்லை.

பாதியில் விலகுவது இழிவு என்பதை நான் பொருட்படுத்தவே மாட்டேன். டென்னசி மலைக்காட்டில் நடக்கும் பார்க்லி மாரத்தானை 2024இல் 60 மணி நேர வரம்புக்கு 99 நொடிகள் மிச்சமிருக்க முடித்து, அதை முடித்த முதல் பெண் ஆனார் ஜாஸ்மின் பாரிஸ். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அவர் அங்கே முடிக்காமல் திரும்பியவர்தான்.

உங்கள் மனைவிக்குப் புரியவில்லை என்று இனி யாருக்கும் எழுதாதீர்கள். நீங்கள் இப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்கப் போகிறவர் அவர். எந்த அறிகுறி கண்டால் விலகுவீர்கள் என்பதைப் புத்தி தெளிவாக இருக்கும் இப்போதே அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். உடன் ஓடுபவரிடம் அதில் ஒரு பிரதியைக் கொடுத்து, நீங்கள் மறுத்தாலும் உங்களை நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லிவிடுங்கள். பாதையில் வண்டி போக முடியாத இடங்கள் எவை, அங்கே விழுந்தவரை யார், எப்படித் தூக்கி வருவார்கள் என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

அன்புடன்.