இடத்திலேயே நிற்க வேண்டிய ட்ரோன் ஏன் வட்டமடிக்கிறது?

தானியங்கி முறைக்கு மாற்றிக் கையை எடுத்ததும், ட்ரோன் நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவதை 'டாய்லெட் பவுல்' என்பார்கள். பெயர் அசிங்கம்தான், ஆனால் பொருத்தம்: ஃப்ளஷ் செய்ததும் கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் சுழல்வது மாதிரி.

காரணம் பெரும்பாலும் திசைகாட்டி. இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் சொல்லும்; மூக்கு எந்தப் பக்கம் என்பதைத் திசைகாட்டி சொல்லும். காற்று 1 மீட்டர் தெற்கே தள்ளினால் ட்ரோன் வடக்கே வர வேண்டும். திசைகாட்டி 40 டிகிரி பிசகியிருந்தால், வடக்கு என்று நினைத்து வடகிழக்கே போகும். அதையும் திருத்தப் போய் மறுபடி பிசகும். ஹேண்டில்பார் கோணிய சைக்கிள் மாதிரி. நேராகத்தான் பிடிப்பீர்கள், அது பக்கவாட்டில் இழுக்கும்.

இதில் ஒரு வில்லங்கம்: தரையில் எல்லாம் சரியாகக் காட்டும். மோட்டார்கள் வேகமெடுத்து பேட்டரி வயரில் மின்னோட்டம் கூடும்போதுதான் அதன் காந்தப்புலம் திசைகாட்டியைக் குழப்பும். அதனால்தான் திசைகாட்டியைத் தனிக் கம்பத்தில் உயர்த்தி வைக்கிறார்கள். முதல் சோதனையில் வட்டம் தொடங்கினால் யோசிக்காமல் கைமுறைக்கு மாறுங்கள்.

அப்புறம், பலர் ஜிபிஎஸ்ஸைத் திட்டுவார்கள். 18 செயற்கைக்கோள் கிடைத்தாலும் இந்த வட்டம் நிற்காது.