எலுமிச்சை வாசனை அடித்தால் லேசான சரக்கா?

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்டில் கூட்டாளிகளோடு தங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அறையில் கூட இருப்பவன் கடையில் சூப்பர் லெமன் ஹேஸ் என்று ஒரு கஞ்சா டப்பா வாங்கி வந்தான். திறந்தால் எலுமிச்சைத் தோல் வாசனை தூக்குகிறது. இது ஹைப்ரிட், பழ வாசனைச் சரக்கு, லேசாகத்தான் இருக்கும், சட்டப்படியும் சரி, ஒரு இழுப்பு இழுத்துப் பார் என்கிறான். உண்மையா அண்ணா? நான் ஸ்டூடண்ட் விசாவில் வந்தவன், வயது 22."

தம்பி, சட்டப்படி சரி என்பது பாதி உண்மை. லேசாக இருக்கும் என்பது முழுப் பொய்.

உங்கள் நண்பர் வாங்கியது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ஆம்ஸ்டர்டாமில் கிரீன் ஹவுஸ் என்ற விதை நிறுவனம் லெமன் ஸ்கங்க், சூப்பர் சில்வர் ஹேஸ் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது. 2008, 2009 இரண்டு வருடமும் அந்த ஊரில் கஞ்சா ரகங்களுக்காக நடந்த கேனபிஸ் கப் போட்டியில் பரிசு வாங்கியது. அதிலிருந்துதான் இந்தப் பெயருக்கு மவுசு. வெளிர் பச்சை மொட்டு, நடுநடுவே ஆரஞ்சு நிறத்தில் நார், மேலே சர்க்கரை தூவினாற்போல் பிசின். அந்தப் பிசினில்தான் வாசனையும் இருக்கிறது, போதையும் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள். உங்கள் நண்பர் குழம்பியிருப்பது இங்கேதான்.

வாசனை தருபவை டெர்பீன்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் அதே லிமோனீன் இந்தச் செடியிலும் இருக்கிறது. ஹேஸ் வகைகளில் பெரும்பாலும் டெர்பினோலீனும் தூக்கலாக இருக்கும். எலுமிச்சைக்குப் பின்னாலேயே பைன் மரமும் மிளகும் கலந்தாற்போல் ஒரு காரம் மூக்கில் ஏறுகிறதே, அது இந்தக் கூட்டு வேலை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, சில சிட்ரஸ் ரகங்களின் தூக்கலான பழ வாசனைக்கு மிக மிகக் குறைந்த அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் முக்கியக் காரணம் என்று காட்டியது. பேஷன் ஃப்ரூட்டிலும் அதே மாதிரிச் சேர்மங்கள் உண்டு. இதெல்லாம் மூக்குக்கும் நாக்குக்கும். தலைக்கு ஏறுவது டிஎச்சி. வாசனை இனிப்பாக இருப்பதால் அது ஒரு மில்லிகிராம்கூடக் குறைந்துவிடாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு எண்கோணத்துக்குள் கஞ்சா இலைச் சின்னம், மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை, பக்கத்தில் எண்கள். சில டப்பாக்களில் டிஎச்சி என்று ஒரு சின்ன எண்ணும், டோட்டல் டிஎச்சி என்று ஒரு பெரிய எண்ணும் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் சின்ன எண்ணைப் பார்த்து "அட, இவ்வளவுதானா" என்று நினைத்துவிடுகிறார்கள். பச்சை மொட்டில் பெரும்பகுதி டிஎச்சிஏ என்ற வடிவில் தூங்குகிறது. நெருப்பு பட்டதும் டிஎச்சியாக மாறிவிடும். அதனால் பார்க்க வேண்டியது பெரிய எண்ணை. அது கிராமுக்கு 220 மில்லிகிராம் என்று இருந்தால், 22 சதவீதம். புதியவர்கள் கிராமுக்கு 100 மில்லிகிராமுக்குள் உள்ளதில் தொடங்கச் சொல்கிறது கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா. சூப்பர் லெமன் ஹேஸ் சாதாரணமாகவே 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும் ரகம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சாடிவா, இண்டிகா என்று செடியில் இரண்டு வகை, ஹைப்ரிட் என்றால் இரண்டின் கலப்பு என்று கடையில் பாடம் நடத்துவார்கள். ஹாலிஃபாக்ஸில் உள்ள டல்ஹௌசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் மரபணுவைப் பார்த்துச் சொன்னது, இந்தப் பெயர்ப் பிரிவுக்கும் செடியின் மரபுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது. இன்று சந்தையில் இருப்பதில் ஏறக்குறைய எல்லாமே கலப்புதான். அதனால் ஹைப்ரிட் என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றும் சொல்வார்கள்: லிமோனீன் பதற்றத்தைக் குறைக்கும் என்று. அது முழுக் கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்து 2024இல் வெளியிட்ட சோதனையில், 30 மில்லிகிராம் டிஎச்சியோடு 15 மில்லிகிராம் லிமோனீன் சேர்த்துக் கொடுத்தபோது பதற்றம் குறைந்தது. ஆனால் விகிதத்தைப் பாருங்கள், இரண்டுக்கு ஒன்று. கடை மொட்டில் டிஎச்சி 20 சதவீதம் என்றால் லிமோனீன் ஒரு சதவீதம் இருந்தாலே அதிகம். ஹேஸ் வகைகளைப் புகைத்தவர்கள் சுறுசுறுப்பு, கலகலப்பு என்பார்கள். பழகாத ஆளுக்கு அதே சரக்கில் நெஞ்சு படபடக்கும், யாரோ நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். வாடகை, அசைன்மென்ட், இரவு ஷிஃப்ட் என்று ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடக்கிற ஆளுக்கு இது தேவையா? என்னைக் கேட்டால், வந்த முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

கஞ்சா கலந்த கம்மி மிட்டாய், ஜூஸ் என்று லெமன் சுவையில் விற்பதும் உண்டு. ஒரு பாக்கெட்டில் டிஎச்சி 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலை காட்டும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவதை வாயில் போடுகிறவர்கள்தான் ராத்திரி முழுக்க அவதிப்படுகிறார்கள். பொது ஃப்ரிட்ஜில் யாருடைய மிட்டாயையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டபூர்வம். ஒன்டாரியோவில் வயது வரம்பு 19, பொது இடத்தில் 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். இது விசாவில் வந்தவருக்கும் பொருந்தும். உரிமம் உள்ள கடையில் வாங்கியதா என்பதற்கு டப்பாவில் கலால் முத்திரை ஒட்டியிருக்கும். இன்ஸ்டாகிராமில் பார்த்து வீட்டு வாசலுக்கு வரவழைப்பது சட்டத்துக்கு வெளியே. ஊரிலிருந்து வந்திருக்கும் 17 வயது மச்சானுக்கு விளையாட்டாக ஒரு இழுப்பு கொடுத்தால், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கொடுத்த குற்றத்துக்கு அதிகபட்சம் 14 வருடம்.

உண்மையான ஆபத்து வண்டியில் இருக்கிறது. உங்களிடம் புது ஓட்டுநர்களுக்கான ஜி2 உரிமம்தான் இருந்தால், ஒன்டாரியோவில் ஓட்டும்போது உடம்பில் கஞ்சா துளியும் இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் இரத்தத்தில் டிஎச்சி மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமைத் தொட்டாலே குற்றம், 5 நானோகிராமுக்குள் என்றால் அபராதத்தோடு போகும் சிறு குற்றம். அதற்கு மேல், போதையில் ஓட்டிய குற்றம் என்று ஆனால், 2018 டிசம்பர் 18 முதல் அதிகபட்சத் தண்டனை 10 வருடம் என்று உயர்த்திவிட்டார்கள். நீதிபதி வெறும் அபராதத்தோடு விட்டாலும் குடிவரவுச் சட்டம் அந்த அதிகபட்சத்தைத்தான் பார்க்கும். கடுமையான குற்றம் என்ற பட்டியலில் போய்விடும். பிஆர், அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்ற கனவு அங்கேயே நிற்கும். கையில் பிஆர் அட்டை இருப்பவருக்கே அது சிக்கல்.

நயாகராவில் பாலம் தாண்டி அமெரிக்கப் பக்கம் போகும்போது, ஒரு கிராம்கூடப் பையில் இருக்கக் கூடாது. அங்கே நியூயார்க் மாநிலத்தில் கடை இருக்கிறதே என்று வாதாட முடியாது, எல்லை மத்திய அரசின் கையில். புகைத்ததுண்டு என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதே நுழைவை மறுக்கக் காரணம் ஆகலாம். படிப்பு முடிந்து எல்லை தாண்டி லாரி ஓட்டும் எண்ணம் இருந்தால் அமெரிக்க விதிப்படி சிறுநீர்ச் சோதனை உண்டு. அடிக்கடி புகைப்பவருக்கு வாரக்கணக்கில் தடயம் நிற்கும். ஊருக்குப் போகும்போதும் அப்படித்தான். இங்கே கடையில் பில் போட்டு வாங்கிய அதே டப்பா சென்னை விமானநிலையத்தில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கடத்தல் சரக்கு. அறைத்தோழனிடம் இரவல் வாங்கிய பையென்றால் எல்லா ஜிப்பையும் திறந்து கொட்டிப் பார்த்துவிட்டு அடுக்குங்கள்.