ஆர் (புள்ளியியல் கணக்குக்கான நிரல்மொழி) கேள்வி பதில்: எரர் வராமலே மாறும் விடைகள்

முனைவர் பட்ட மாணவி: அக்கா, என் லேப்டாப்பிலும் கைடு கம்ப்யூட்டரிலும் ஒரே ஸ்கிரிப்ட், செட்.சீட்டில் (தற்செயல் தேர்வு மறுபடியும் அதேபோல் வர எண் கொடுக்கும் கட்டளை) ஒரே எண். சாம்பிளில் வரும் ஆட்கள் மட்டும் வேறு வேறு. எங்கே தப்பு?

உங்கள் மேல் தப்பில்லை, தங்கச்சி. ஒன்றில் 3.6.0-க்கு முந்தைய ஆர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2019-இல் வந்த அந்தப் பதிப்பில் சாம்பிள் ஃபங்ஷன் ஆள் பொறுக்கும் முறையே மாறியது. தொகுதி மிகப் பெரிதானால் பழைய முறையில் எல்லோருக்கும் சமவாய்ப்புக் கிடைக்கவில்லை. பழைய முடிவே வேண்டுமென்றால், புதிய ஆரில் செட்.சீட்டுக்குள் சாம்பிள்.கைண்ட் 'ரவுண்டிங்' என்று கொடுங்கள். ஒரு எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம். புதிய வேலைக்கு இது கூடாது. ஆய்வேட்டில் பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். செஷன்இன்ஃபோ ஓட்டினால் பேக்கேஜ் (கூடுதல் கருவித் தொகுப்பு) பதிப்புகளும் சேர்ந்து கிடைக்கும்.

மருத்துவமனைப் பதிவேடு பார்ப்பவர்: மேடம், நோயாளிகள் எல்லோரும் நாற்பதை ஒட்டியவர்கள். சராசரி வயது 2.5 என்று வருகிறது!

இது என்னை ரொம்பக் கவலைப்பட வைக்கும் தப்பு, சார். உங்களுக்கு 2.5 வந்ததால் கண்டுபிடித்தீர்கள். 31 என்று வந்திருந்தால் அப்படியே அறிக்கைக்குப் போயிருக்கும். வயது 45, 52, 38, நாலாவது கட்டத்தில் யாரோ 'இல்லை' என்று அடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த ஒரு சொல்லால் முழு நெடுவரிசையும் எழுத்தாகிவிடும். பழைய ஆர் அதை ஃபேக்டராக (வகைகளின் பட்டியலாக) மாற்றி, வகைகளை வரிசைப்படுத்தி 38-க்கு 1, 45-க்கு 2, 52-க்கு 3, 'இல்லை'க்கு 4 என்று நம்பர் போடும். நேராக ஆஸ்.நியூமெரிக் (எண்ணாக்கும் கட்டளை) கொடுத்தால் வருவது வயதல்ல, அந்த வரிசை நம்பர். சராசரி 2.5.

முதலில் ஆஸ்.கேரக்டர் (எழுத்தாக்கும் கட்டளை), அப்புறம் ஆஸ்.நியூமெரிக். 'இல்லை' இருந்த இடம் என்ஏ (விடுபட்ட மதிப்பு) ஆகும். சராசரி எடுக்கும்போது என்ஏ.ஆர்எம் 'ட்ரூ' கொடுத்து அதை விலக்கினால் 45 வரும். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 முதல் எழுத்துகள் தானாக ஃபேக்டர் ஆவதில்லை. தயவுசெய்து அப்டேட் செய்யுங்கள். டேட்டாவை ஏற்றியதும் எஸ்டிஆர் ஓட்டி ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

கல்லூரி விரிவுரையாளர்: பைப்புக்காக (ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குறி) மட்டும் தனி பேக்கேஜ் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். 4.1.0 முதல் ஆரிலேயே பைப் உண்டு.

பி.எஸ்சி மாணவர்: அக்கா, 2.5-ஐ ரவுண்ட் செய்தால் ஏன் 2? பள்ளியில் 3 என்றுதானே படித்தோம்?

சரியாகப் பாதியில் நின்றால் ஆர் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், தம்பி. 3.5 கொடுத்தால் 4. எப்போதும் மேலே ஏற்றினால் கூட்டுத்தொகை கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும், அதைத் தடுக்கத்தான் இது. கணக்கின் நடுவில் ரவுண்ட் செய்யாதீர்கள்.

மொழி ஆய்வாளர்: விண்டோஸில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் யுனிகோட் எண்கள் வருகின்றன.

ஆர் 4.2.0 அல்லது அதற்குப் பிந்தியது போடுங்கள். 2022-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து விண்டோஸிலும் ஆர் யுடிஎஃப்-8-இல் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கம்) இயங்குகிறது. விண்டோஸ் 10 என்றால் 1903 என்ற பதிப்பு அல்லது புதியது தேவை. எக்செலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' தேர்ந்தெடுங்கள்.

எழுத்தெண்ணும்போதும் கவனம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு என்கேர் ஃபங்ஷன் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு அது மூன்றெழுத்து. ஸ்ட்ரிங்ஆர் பேக்கேஜின் எஸ்டிஆர்_கவுண்டில் பவுண்டரி 'கேரக்டர்' கொடுங்கள், 3 வரும்.