பெட் ஸ்கேன் மெஷினை வாங்கி வைத்தால் போதாதா? சங்கங்களும் வழிகாட்டு நெறிகளும் எதற்கு?

நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். கதிரியக்க மருந்தை அளந்து, ஊசி போட்டு, அது உடலில் எங்கே சேர்கிறது என்று பெட் ஸ்கேனில் படம் எடுப்பதுதான் அன்றாட வேலை. "மெஷின் நன்றாக இருந்தால் படம் நன்றாக வரும், சங்கங்கள் கூடிப் பேசி என்ன ஆகப்போகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதை மாற்றியது ஒரு சுவர்க் கடிகாரம்.

மருந்து அளக்கும் அறையில் அந்தக் கடிகாரம். பக்கத்து அறையில் ஸ்கேனர் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் 10 நிமிட வித்தியாசம். பல நாள் யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் போடும் எஃப்டிஜி என்பது ஃபுளோரின்-18 ஒட்டிய ஒருவகைச் சர்க்கரை. அதன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்; அளந்து வைத்த நொடியிலிருந்தே கதிரியக்கம் கரைந்துகொண்டிருக்கும். கட்டி எவ்வளவு மருந்தை இழுத்திருக்கிறது என்பதை எஸ்யூவி என்ற எண்ணாகச் சொல்கிறோம். போட்ட மருந்து, நோயாளியின் எடை, கடந்த நேரம் மூன்றையும் வைத்துத்தான் அந்தக் கணக்கு. கடிகாரம் 10 நிமிடம் பிசகினால் எண் 6 சதவீதம் பிசகும். படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அழகாகவே இருக்கும்.

இது ஒரு பிசகு மட்டும்தான். ஊசி போட்டபின் சிரிஞ்சில் மிஞ்சும் மருந்தை அளக்காமல் விடுவது, எடை மெஷினில் ஏற்றாமல் வாயால் கேட்டு எழுதிக்கொள்வது, 60 நிமிடத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனை 85 நிமிடத்தில் எடுப்பது என்று இன்னும் உண்டு. பல கட்டிகள் நேரம் ஆக ஆகக் கூடுதலாக மருந்தை இழுக்கும். போன முறை 60 நிமிடம், இந்த முறை 85 நிமிடம் என்றால், வளராத கட்டி வளர்ந்ததுபோலத் தெரியலாம். அதை நம்பி ஒருவருடைய கீமோ மருந்தையே மாற்றிவிட்டால்?

ஐரோப்பிய அணு மருத்துவச் சங்கம் 2010-இல் எஃப்டிஜி ஸ்கேனுக்கான நெறிமுறையை வெளியிட்டு, 2015-இல் புதுப்பித்தது. எத்தனை மணி நேரம் பட்டினி, ரத்தச் சர்க்கரை எவ்வளவு வரை போகலாம், கடிகாரங்களைச் சரிபார்ப்பது வரை அதில் இருக்கிறது. கூடவே ஒரு அங்கீகாரத் திட்டமும் நடத்துகிறார்கள். ஃபேண்டம் என்று ஒரு பாத்திரம்; உள்ளே 10 முதல் 37 மில்லிமீட்டர் வரை ஆறு அளவில் உருண்டைகள். அவற்றில் அளவு தெரிந்த கதிரியக்கத்தை நிரப்பி ஸ்கேன் செய்ய வேண்டும். உங்கள் மெஷின் காட்டும் எண் குறித்த வரம்புக்குள் வந்தால்தான் அங்கீகாரம். எந்தக் கம்பெனி ஸ்கேனர் என்பது பொருட்டல்ல.

ரிப்போர்ட்டின் மொழிக்கும் இதே கதைதான். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் "லேசான ஏற்பு" (அதாவது மருந்தைக் கொஞ்சம் இழுத்திருக்கிறது) என்று ஒருவர் எழுதுவதை இன்னொருவர் "மிச்ச நோய்" என்று எழுதுவார். 2009-இல் பிரான்ஸின் டோவில் நகரில் நிபுணர்கள் கூடி ஐந்து படி அளவுகோலுக்கு ஒப்புக்கொண்டார்கள். நோயாளியின் சொந்த உடலே தராசு: கட்டி அவருடைய கல்லீரலையும் நெஞ்சின் நடுவே ஓடும் ரத்தத்தையும்விட மங்கலா, பிரகாசமா என்று பார். அவ்வளவுதான். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த பல டிடெக்டர்களைவிட இது அதிக நோயாளிகளுக்கு உதவியிருக்கும்.

அடுத்தது, பெட்டால் உண்மையில் பலன் உண்டா என்பதற்கான சான்று. 2002-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று: நுரையீரல் புற்றுநோய் அறுவைக்கு முன் 188 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பெட்டும் எடுத்தார்கள். பலனில்லாமல் நெஞ்சைத் திறக்க நேர்ந்தது பெட் இல்லாத பிரிவில் 41 சதவீதம், எடுத்த பிரிவில் 21. அமெரிக்காவில் அரசுக் காப்பீடான மெடிகேர் பல புற்றுநோய்களுக்குப் பெட் ஸ்கேனுக்குப் பணம் தராமல் இருந்தது. 2006-இல் துறையினரே ஒரு பதிவேடு தொடங்கினார்கள். ஸ்கேனுக்கு முன் உங்கள் திட்டம் என்ன, பார்த்தபின் என்ன என்று சிகிச்சை மருத்துவர் எழுதித் தர வேண்டும். தந்தால் மெடிகேர் பணம் தரும். 2008-இல் வெளியான முடிவில், கிட்டத்தட்ட 23,000 ஸ்கேன்களில் 36.5 சதவீதத்தில் திட்டம் மாறியிருந்தது. திட்டம் மாறியதாலேயே நோயாளி கூடுதல் காலம் வாழ்ந்தார் என்று ஆகாது என விமர்சித்தார்கள், அது நியாயம்தான். ஆனாலும் அந்தப் படிவங்களை உட்கார்ந்து நிரப்பியவர்களால்தான் 2013-இல் காப்பீடு விரிந்தது.

இயந்திரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் என்ற இருவரும் பெட்டையும் சிடி ஸ்கேனையும் ஒரே கருவியில் சேர்த்திராவிட்டால் இந்த வேலையே பாதி நடந்திருக்காது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மறு ஸ்கேன் சொன்னால், முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள், பழைய ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கைக் கையோடு கொண்டு போங்கள். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பேசினால் தொண்டைத் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். கழுத்தில் நோயைத் தேடுபவருக்கு அந்த வெளிச்சம் பெரிய தொல்லை.