அன்பு ஊறாமல் செய்யும் உதவி மாய்மாலமா?

இல்லை, அது மாய்மாலம் அல்ல. சொத்தில் உங்களை ஏமாற்றிய அண்ணனின் மருத்துவச் செலவை, மனத்தில் அன்பு ஊறாத நிலையிலும் நீங்கள் ஏற்றிருப்பது, புதிய ஏற்பாட்டின் ரோமர் 12:20-இல் அப்போஸ்தலன் பவுல் கேட்கும் செயலேதான். பசித்த பகைவனுக்கு உணவு கொடுக்கச் சொல்லும் அவர், முதலில் அவன்மேல் பாசம் வரட்டும் என்று நிபந்தனை வைக்கவில்லை.

'உதவ வேண்டும்' என்ற கட்டளையிலிருந்து நீங்கள் தொடங்குவதே மனம் வறண்டிருப்பதற்குக் காரணமாக இருக்கலாம். 1563-இல் வெளிவந்த, கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் சீர்திருத்தச் சபை நூலான ஹைடெல்பெர்க் வினாவிடை, பத்துக் கட்டளைகளை மீட்பைப் பற்றிய பகுதிக்கும் பிறகு, நன்றியறிதல் என்னும் மூன்றாம் பகுதியில்தான் விளக்குகிறது. ஏற்கெனவே பெற்றுக்கொண்டவன் தரும் மறுமொழியே கீழ்ப்படிதல் என்ற அந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

அடுத்த முறை பணம் கொடுக்குமுன் மத்தேயு 18:23-35ஐ வாசித்து, உங்களுக்கு மன்னிக்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். அங்கே இயேசு சொல்லும் உவமையில், பதினாயிரம் தாலந்து என்னும் மாபெரும் கடன் மன்னிக்கப்பெற்றவன், தனக்கு வரவேண்டிய நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் ஊழியனின் தொண்டையைப் பிடித்தான். ஒரு வெள்ளிப்பணம் அக்காலக் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆகவே அந்த நூறும் சிறு தொகையன்று, உங்கள் இழப்பும் சிறியதன்று. எழுதிய பிறகும் கசப்பு உடனே தீராமல் போகலாம். அதற்காக உதவியை நிறுத்த வேண்டாம்.

ஆனால் மன்னிப்பது என்றால் மறுபடியும் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பது என்று பொருளில்லை. எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும் ரோமர் 12:18 "கூடுமானால்" என்றே தொடங்குகிறது. உங்கள் பங்கைச் சபைப் பெரியவர்கள் முன்னிலையில் முறைப்படி கேட்டுக்கொண்டே அவருடைய மருந்துக்கும் பணம் கொடுக்கலாம்.