உத்தரவுக்குப் பிறகு நடப்பது

வணக்கம் ஐயா,

சுகாதாரக் கொள்கை வகுக்கும் குழுக்களில் செவிலியர்களும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் பதினேழு வருடமாக நர்ஸ். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூங்கவே நேரமில்லாத எங்களுக்குக் கொள்கை எதற்கு? அது டாக்டர்களும் பொருளாதாரம் படித்தவர்களும் பார்க்கிற வேலை இல்லையா? எங்களைக் கூப்பிட்டால் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவோம் என்று எங்கள் கண்காணிப்பாளரே சொல்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேசினால்தான் என்ன? ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்பது சம்பளக் கணக்கு மட்டுமில்லையே. லிண்டா எய்க்கன், அவரும் நர்ஸாக இருந்தவர்தான், தன் குழுவோடு 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றியது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது. இதில் எனக்குப் பிடித்தது வேறு. அந்த ஆய்வு வருவதற்கு மூன்று வருடம் முன்பே, 1999இல், கலிஃபோர்னியாவில் நர்ஸ் சங்கங்கள் விடாமல் போராடி இந்த எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் சட்டத்தை வாங்கிவிட்டன. சதவீதம் தெரியாமலே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நியூயார்க் பள்ளிகளில் 1897 முதல் டாக்டர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். கண்நோய், படர்தாமரை, பேன் என்று தொற்றக்கூடியது எதுவானாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உத்தரவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அனுப்பிய பிள்ளைக்கு யார் மருந்து போடுவது? யாருமில்லை. பள்ளி விட்டதும் அதே பிள்ளைகள் தெருவில் கூட்டாளிகளோடு சேர்ந்து விளையாடினார்கள். இதைக் கண்டவர் லிலியன் வால்ட் என்ற நர்ஸ். ஏழைகளின் வீடுகளுக்கே போய் வைத்தியம் பார்த்தவர். 1902இல் ஒரே ஒரு மாதம் பரீட்சித்துப் பாருங்கள் என்று லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸைப் பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். வீடுகளுக்குப் போய்த் தாய்மார்களிடம் பேசினார். மாநகராட்சி மேலும் நர்ஸுகளை வேலைக்கு எடுத்தது. ஒரே வருடத்தில், வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள்.

டாக்டர்களுக்கு அறிவு குறைவு என்றா சொல்கிறேன்? இல்லை. எழுதிக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிகிறது. எழுதியது நடந்ததா என்பது, இரவு இரண்டு மணிக்கு டிரிப்பை மாற்ற வருகிறவருக்குத்தான் தெரியும். (நைட்டிங்கேலின் கையில் விளக்கைக் கொடுத்தே நம்மைப் பழக்கிவிட்டார்கள். அவர் கையில் இருந்தது மரணக் கணக்கு. போர்க்காயத்தைவிட நோயால்தான் வீரர்கள் அதிகம் செத்தார்கள் என்று 1858இல் வரைபடம் போட்டுக் காட்டி ராணுவ மருத்துவத்தையே மாற்ற வைத்தார்.)

நேரமில்லை என்பது நியாயம்தான். டாக்டர் கூட்டத்துக்குப் போனால் அது டியூட்டி. நர்ஸ் போனால் லீவு. முதலில் மாற வேண்டியது இதுதான். எல்லாம் எழுதி முடித்த வரைவை நீட்டி, கடைசி நாளில் உங்களிடம் கருத்துக் கேட்கிற வழக்கமும் வேண்டாம். அது கையெழுத்து வாங்குகிற வேலை.

அடுத்த கடிதத்தில் ஒன்று எழுதுங்கள். போன வருடம் மேலிருந்து வந்த உத்தரவுகளில், உங்கள் வார்டில் செய்யவே முடியாமல் போனது எது? செய்ததாக ரிஜிஸ்டரில் எழுதினீர்களா?